இடது காலின் அதிர்வெண்

விளம்பரத்தில் ‘அளவியலிலும் உயர்நிலைப் பொருட்களின் பண்பாய்விலும் ஆய்வு வாய்ப்புகள்’ என்று பன்மையில் போட்டிருந்தார்கள். இருந்ததோ ஒரே ஒரு இடம். மரியாதைப் பன்மை போலிருக்கிறது. நிரந்தர வேலை என்றால் எங்கள் துறையில் எழுந்து நின்று வணக்கம் வைக்கவேண்டிய விஷயம். அதனால் நான் அதைக் குறையாக நினைக்கவில்லை.

எனக்கு முப்பத்துநாலு வயது. டாக்டர் பட்டம் வாங்கியபின் ஒன்று மாற்றி ஒன்றாக மூன்று தற்காலிக வேலைகள் பார்த்தாயிற்று. ஒவ்வோர் ஒப்பந்தம் முடியும்போதும் இரண்டு பெட்டிகளோடு அக்கா வீட்டுப் பின்னறைக்கு வந்து சேருவேன். அக்கா பிசியோதெரபிஸ்ட். கீழே கிளினிக், மேலே வீடு. அவள் கணவர், என் மாமா, தங்கமான மனிதர். சாப்பாட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தும்போதெல்லாம் “பர்மனென்ட் எப்போம்மா?” என்று மட்டும் கேட்பார். பாசத்தில்தான் கேட்கிறார் என்று தெரியும். தெரிந்தும் அவசரமாகக் குழம்பு கேட்பேன். இந்த இடமும் கைநழுவினால் ஆராய்ச்சிக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு, அக்கா கிளினிக்கில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் சந்தோஷப்பட்டுவிடுவாள்.

தேர்வு இப்படி: விண்ணப்பித்த நான்கு பேருக்கும் ஒரே தகட்டிலிருந்து வெட்டிய சின்னச் சின்னத் துண்டுகளைக் கொடுத்தார்கள். அதன்மேல் இரண்டு மெல்லிய படலங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. இரண்டும் சேரும் எல்லையை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் அணு அணுவாகத் தெரியும்படி படமெடுக்க வேண்டும். எல்லையின் அகலத்தை அளக்க வேண்டும். அந்த அளவு எவ்வளவு தப்பாக இருக்கக்கூடும் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். எங்கள் பிழைப்பே இதுதான். மற்றவர்கள் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் எண்ணைச் சொல்லி, அதை எந்த அளவுக்கு நம்பக்கூடாது என்பதையும் சொல்வோம். அதற்கு நிச்சயமின்மை என்று பெயர். கல்யாணம் பேசும்போது இந்தப் பழக்கம் இருந்திருந்தால் எத்தனையோ குடும்பங்கள் உருப்பட்டிருக்கும்.

தேர்வுக் குழுவின் தலைவர் விளம்பரம் தந்த நிறுவனத்தின் இயக்குநர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தசமம். இன்று வெயில் அதிகம் சார் என்று அவரிடம் சும்மா சொல்லிவிட முடியாது. எவ்வளவு, எதால் அளந்தாய், புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கத்தை நம்பலாம் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார். அவர் மனைவியே தலைவலி என்று சொல்லப் பயந்து மாத்திரையை ஒளித்து வைத்து விழுங்குவதாகக் கேள்வி. மனைவியை இழந்து சில வருடங்களாகிவிட்டன என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் கேள்வி மட்டும் நின்றபாடில்லை.

மைக்ரோஸ்கோப் இருந்தது தரைத்தளத்தில். கட்டடத்தோடு ஒட்டாமல் சுற்றிலும் பிளவு விட்டு, தனியாக வார்த்த கனமான கான்கிரீட் மேடைமேல் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கும். அந்த அறையில் தும்மினால்கூட முறைப்பார்கள். கட்டடம் ஓய்ந்து கிடக்கும் ராத்திரி நேரத்தையெல்லாம் மூத்தவர்கள் தங்களுக்கே பட்டா போட்டுக்கொண்டார்கள். எங்களைப் போன்ற உப்புக்குச் சப்பாணிகளுக்குப் பகல். எனக்குக் கிடைத்தது மூன்று வாரம், காலை ஏழிலிருந்து ஒன்பது. ஒன்பதுக்கு மேல் ஆட்கள் வந்துவிடுவார்கள், லிஃப்ட் ஓடும், கதவுகள் அறையும். அதற்குப்பின் அணுவைப் படமெடுப்பது ஓடும் பஸ்ஸில் ஊசியில் நூல் கோர்க்கிற வேலை.

முதல் நாளே படம் ஆடியது. வரிசையாக நிற்கவேண்டிய அணுக்கள் தண்ணீரில் தெரியும் நிழல்போல நெளிந்தன. எங்கள் தொழிலில் முதலில் சந்தேகப்பட வேண்டியது தன்னைத்தான். செருப்பைக் கழற்றினேன். மூச்சை அடக்கினேன். காலையில் காபியை நிறுத்தினேன். அது என்னைக் கொன்றதே தவிர படத்துக்கு ஒன்றும் செய்யவில்லை. பிறகு ஏசியைச் சந்தேகப்பட்டேன், வெற்றிட பம்பைச் சந்தேகப்பட்டேன், வெளியே போகும் லாரிகளைச் சந்தேகப்பட்டேன். ஓர் அதிர்வுச் சென்சாரை மேடையில் ஒட்டிவைத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தேன். ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆரம்பிக்கும். ஒன்பதுக்கு நிற்கும். விநாடிக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவாக, தப்பாத தாளம்.

இயந்திரத்தைப் பராமரிக்க வரும் என்ஜினியரைக் கூப்பிட்டேன். எதைக் காட்டினாலும் ‘இது கேரண்டியில் வராது’ என்று தொடங்குவார் என்பதால் அவர் பெயர் கேரண்டி. அதிர்வும் கேரண்டியில் வராதாம். ஆனால் நல்ல மனசுக்காரர். அந்தத் தாளத்தை மட்டும் மென்பொருளில் அழித்துவிட ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். அழித்தேன். படத்தில் பாதி நெளிவு போனது. மீதி பாதி போகவில்லை. மிச்சமிருந்தது சரியாக முதல் தாளத்தின் பாதி வேகத்தில் ஆடியது. கேரண்டி அதற்கும் இன்னொரு அழிப்பு போடச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்.

இரண்டு முறை அழித்த படத்தைக் கொண்டுபோய்த் தசமத்திடம் காட்டினால் என்னையும் சேர்த்து அழித்துவிடுவார். எனவே சென்சாரைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டடம் முழுக்க மோப்பம் பிடித்தேன். இரண்டு வாரமும் தரையையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, தலைக்கு மேலும் ஒரு தரை இருக்கிறது என்பது மூன்றாவது வாரம்தான் உறைத்தது. மாடிப்படி ஏறினேன். மேலே இயக்குநரின் அறை. காலை வேளையில் வெளியறை காலி. உள்ளே தொம் தொம் என்று சத்தம்.

கதவில் இருந்த கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தசமம் நடந்துகொண்டிருந்தார். ஒரே இடத்தில். ஓடுபொறி ஒன்றின்மேல், அதாவது டிரெட்மில்லின்மேல், மேசையைப் பொருத்தி, கோப்புகளைப் பரப்பி, படித்துக்கொண்டே நடக்கிறார். இடுப்புக்கு மேலே முழுக்கைச் சட்டை, டை. கீழே அரைக்கால் சட்டை. அந்தக் காட்சியை என் கண்ணிலிருந்து அழிக்க எந்த மென்பொருளும் கிடையாது.

ஓடுபொறிக்கு அருகே ஒரு தூண். அது நேராகக் கீழே இறங்கி எங்கே நிற்கிறது என்று போய்ப் பார்த்தேன். மேல்மாடியைப் பிற்பாடு கட்டியவர்கள் தூண் வைக்க உறுதியான இடம் தேடியிருக்கிறார்கள். கட்டடத்திலிருந்து அத்தனை கவனமாகப் பிரித்து வைத்த அந்தக் கான்கிரீட் மேடையைவிட உறுதியான இடம் அவர்கள் கண்ணில் படவில்லை. அதன் ஓரத்திலேயே தூணை நட்டுவிட்டார்கள். தடுப்புச் சுவர் எழுப்பி, பெயின்ட் அடித்து, திறப்பு விழாவும் நடத்தியிருக்கிறார்கள். அணுவை அளக்கிறவர்கள் ஐம்பது பேர் தினமும் நடமாடும் கட்டடத்தில் ஒருவர் கண்ணிலும் அந்தத் தூண் படவில்லை. தசமம் மேலே காலை வைத்தால் கீழே என் அணுக்கள் தலைகுனிந்து எழுந்தன.

சரி, அது முதல் தாளம். அந்தப் பாதித் தாளம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோது ஒரு சின்ன விஷயம் புரிந்தது. இரண்டு காலும் ஒரே மாதிரி விழுந்தால் இயந்திரத்துக்கு அடி மட்டும்தான் தெரியும். எந்தக் காலடி என்று தெரியாது. ஒரு கால் மட்டும் வேறு மாதிரி விழுந்தால், ஓர் அடி விட்டு ஓர் அடி வித்தியாசப்படும். பாதித் தாளம் அதுதான். ஒட்டிய நாளிலிருந்து சென்சார் பதிவுகள் என்னிடம் இருந்தன. எடுத்துப் போட்டுப் பார்த்தேன். முதல் நாள் அது இருக்கிறதா இல்லையா என்று தேடவேண்டியிருந்தது. நாளாக ஆக வளர்ந்துகொண்டே வந்திருந்தது. ஒரு ஷூ தேய்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். தசமம் ஒரு காலால் முழு எண்ணிலும் மறு காலால் தசமத்திலும் நடக்கிறார் என்று கேரண்டியிடம் சொன்னேன். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

அன்று சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தேன். மாமா வழக்கமான கேள்வியைக் கேட்டார். பதில் சொல்லாமலிருக்க, பாஸ் நடக்கிற லட்சணத்தைப் பாருங்கள் என்று சென்சார் வரைபடத்தைத் திருப்பிக் காட்டிக் கதையைச் சொன்னேன். மாமா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வயது என்ன, கைத்தடி உண்டா, சமீபத்தில் விழுந்தாரா, தலையில் அடிபட்டதா என்று அடுக்கினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் அவருடைய காலடியை நூறில் ஒரு பங்குவரை அறிந்தவள், அவரைப் பற்றி ஒன்றும் அறியாதவள்.

“ஷூ தேயறது இப்படி வாராவாரம் ஏறாதுடி,” என்றாள் அக்கா. “ஒரு பக்கம் பலம் கொறைஞ்சுக்கிட்டு வருது. மூளையில அடைப்பா இருக்கலாம், ரத்தம் கசியலாம், ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். ஸ்கேன் எடுத்தாதான் தெரியும். நாளைக்கே போய் சொல்லு.”

எப்படிச் சொல்வது என்று கேட்டேன்.

“வாயால சொல்லு.”

அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். வேலை கொடுக்கப்போகிற மனிதரிடம் போய், இத்தனை நாளாக உங்களைக் கீழேயிருந்து அளந்துகொண்டிருந்தேன், உங்கள் கால் சரியில்லை என்று சொல்ல வேண்டுமாம். மறுநாள் காலை மறுபடி அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தெரிந்து பார்த்தால் தெரிந்தது. இடது கால். முன்பாதம் ஓடுபொறியின் பட்டையை லேசாகத் தேய்த்துக்கொண்டு வந்தது. இவ்வளவுதான், ஒரு விரல் தடிமன்கூட இல்லை.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். அவர் நடந்துகொண்டே ஏறிட்டுப் பார்த்தார். நீங்கள் நடப்பது கீழே படத்தில் தெரிகிறது சார் என்றேன். வேறு யாராக இருந்தாலும் என்ன உளறுகிறாய் என்று கேட்டிருப்பார்கள். அவர் “எவ்வளவு?” என்றார். சொன்னேன். தூண் கதையையும் சொன்னேன். பொறியை நிறுத்தி இறங்கிவந்து தூணைத் தட்டிப் பார்த்தார். முதல் நாளே வந்து சொல்லாததற்கு என்னை முட்டாள் என்றார். தூணை மேடையில் நட்டவர்களை அதைவிடக் கனமான வார்த்தையால் திட்டினார். நாளையிலிருந்து நடக்கமாட்டேன், போய் வேலையைப் பார் என்றார்.

அவ்வளவுதான் விஷயம். என் வேலை முடிந்தது. வாரத்தில் மிச்சம் நாலு காலைகள். ஆடாத மேடை. படம் கைக்கு வந்த மாதிரிதான். நிரந்தர வேலையும் பாதி வந்த மாதிரிதான். கதவுப் பிடியில் கை வைத்துவிட்டேன். வெளியே போய்விடலாம் என்று மனசு சொன்னது. நல்ல மனசுதான், என்னுடையதுதான், அதன்மேல் கோபமில்லை. ஆனால் சாயங்காலம் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது? திரும்பினேன்.

“சார், இன்னொண்ணு. உங்க இடது கால் சரியில்ல.”

எதை வைத்துச் சொல்கிறாய் என்றார். மடிக்கணினியைத் திறந்தேன். அவர் ஓடுபொறியின் விளிம்பில் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் ஆய்வறிக்கையைக்கூட யாரும் அப்படிப் படித்ததில்லை, அப்படிப் படித்தார். பிறகு குறுக்கு விசாரணை தொடங்கியது. சென்சாரை எப்படி ஒட்டினாய்? நடுவில் கழற்றி மாட்டினாயா? பட்டையின் தையல் ஏன் காரணமாக இருக்கக்கூடாது? ஷூவை ஏன் விலக்கினாய்? ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். கடைசிக் கேள்விக்கு அக்கா என்றேன்.

பிறகு கணினியைப் பார்த்தபடியே சொன்னார்.

“கொஞ்ச நாளா கனமா இருக்கு. மனசுல தோணறதுதான்னு நெனச்சேன். நடந்தா சரியாப் போயிடும்னு நடந்துக்கிட்டிருக்கேன்.”

தலையில் அடிபட்டதா என்று அக்கா கேட்கச் சொன்னதைக் கேட்டேன். போன மாதம் கார் கதவில் இடித்துக்கொண்டாராம். சின்ன இடிதானாம். எவ்வளவு சின்னது சார் என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் எண் இல்லை.

அந்த இடத்தில் இரண்டு பேரில் ஒருவருக்காவது புத்தி இருந்திருக்க வேண்டும். இன்றைக்கே ஸ்கேன் எடுங்கள் என்று அக்கா சொன்னதைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். தலையாட்டிவிட்டு, இந்த வளர்ச்சியின் நிச்சயமின்மை எவ்வளவு என்றார். இன்னும் கணக்குப் போடவில்லை என்றேன்.

“கணக்கு போடாம டாக்டர்கிட்ட என்னத்தம்மா காட்டறது? சும்மா கால் கனமா இருக்குன்னா? நானே நம்ப மாட்டேன்.”

அது சரிதான் என்று எனக்கும் பட்டது. பட்டதோடு நிற்காமல், ஷூவோடு ஒரு நாள், வெறுங்காலோடு ஒரு நாள், சென்சாரை இடம் மாற்றி ஒரு நாள் நடந்தால் ஷூவையும் சென்சாரையும் விலக்கிவிடலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான். சபாஷ் என்றார். தசமத்திடம் சபாஷ் வாங்கிய மனிதர்கள் அந்தக் கட்டடத்தில் கிடையாது. மாடியிலிருந்து கீழே நான் இறங்கவில்லை, மிதந்தேன்.

என் நாலு காலைகளில் மூன்று இப்படிப் போயின. அவர் மேலே நடந்தார், நான் கீழே பதிந்தேன். ஒன்பதுக்கு அவர் இறங்கிவந்து என் பக்கத்து நாற்காலியில் உட்காருவார். இருவரும் வளைவுகளைப் பார்த்துக்கொண்டு, இந்த மேடு காலா காற்றா என்று சண்டை போடுவோம். ஒரு தடவை நான் ஜெயித்தேன். அவர் மகள் தூரத்தில் இருக்கிறாள், வாரம் ஒரு தடவை பேசுவாள், சாப்பிட்டீங்களா என்று கேட்டால் எத்தனை கிராம் என்று சொல்லி அவளைக் கடுப்பேற்றுவதாகச் சொன்னார். மூன்று தற்காலிக வேலைகளில் நான் செய்த ஆராய்ச்சியைவிட அந்த மூன்று காலைகளில் செய்ததுதான் சுத்தமான ஆராய்ச்சி. சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

நடுவே என் படத்தின் கதி என்ன என்று ஒருநாள் கேட்டேன். கடைசித் தேதியை ஒருநாள் தள்ள முடியுமா என்று இழுத்தேன். முகம் மாறிவிட்டது. மற்ற மூன்று பேருக்கு இல்லாத நாள் உனக்கு எதற்கு, என் கால் உன் விண்ணப்பத்தில் வராது என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்த ஆள் இப்படி இல்லையென்றால் நான் அங்கே உட்கார்ந்து அவர் காலை அளந்துகொண்டிருக்கவும் மாட்டேன்.

அக்காவுக்கு விஷயம் தெரிந்தது மூன்றாம் நாள். ஸ்கேன் என்ன சொல்லிற்று என்று கேட்டாள். இன்னும் எடுக்கவில்லை, நிச்சயமின்மை குறைந்துகொண்டு வருகிறது என்றேன். இப்படி ஒரு பதிலை வாழ்நாளில் கேட்டிராதவள்போல என்னையே பார்த்தாள்.

“நீங்க ரெண்டு பேரும் மனுஷங்களாடி? அந்தாளு விழுந்தாருன்னா, எத்தனை தசமத்துல விழுந்தாருன்னு எழுதி வைப்பீங்களா?”

தட்டை நகர்த்தப் போன மாமா கையை எடுத்துக்கொண்டார். அக்கா முன்னாலேயே போனைப் போட்டேன். அவள் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன். தசமம் சிரித்தார். உன் அக்கா சொல்வது நியாயம், ஸ்கேனுக்கு நேரம் வாங்கிவிடுகிறேன் என்றார். கொஞ்ச நேரத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டார். நாளைக் காலை எட்டுக்கும் கிடைத்ததாம், பத்துக்கும் கிடைத்ததாம். பத்தை எடுத்துக்கொண்டாராம். ஏழிலிருந்து எட்டுவரை கடைசியாக ஒரு தடவை நடந்துவிடலாம், முதல்நாள் அளவோடு ஒப்பிட அது போதும், எட்டிலிருந்து ஒன்பதுவரை உனக்கு என்றார்.

“ஒரு மணி நேரம் ஆடாம கெடைச்சா படம் எடுத்துடுவியா?”

எடுத்துவிடுவேன் சார் என்றேன். அக்கா அருகிலேயே நின்றுகொண்டு எட்டையே எடுக்கச் சொல் என்று சைகை காட்டினாள். சொன்னேன். ஆனால் சும்மா, பெயருக்குச் சொன்னேன். அவருக்கும் அது தெரிந்தது. ஒப்பிட ஒரு பதிவு வேண்டுமே என்றார். ஆமாம் சார் என்றேன்.

கடைசி நாள் காலை ஆறரைக்கே போய்விட்டேன். துண்டை இயந்திரத்துக்குள் செலுத்தி, எல்லையைத் தேடிப் பிடித்து, எல்லாவற்றையும் தயாராக வைத்துவிட்டுச் சென்சார் திரையைப் பார்த்தேன். கோடு நேராக ஓடியது. ஏழாயிற்று. கோடு நேராகவே ஓடியது. தசமம் ஒரு நிமிடம் தாமதமாக வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஏழே காலாயிற்று. எனக்குப் பளிச்சென்று புரிந்தது. அக்கா சொன்னது மண்டையில் ஏறியிருக்கிறது, மனிதர் எட்டு மணி ஸ்கேனுக்கே கிளம்பிவிட்டார். கடைசிப் பதிவைத் தியாகம் செய்திருக்கிறார். அவரைப் பொறுத்தவரை அது சிறுநீரகத்தைத் தானம் செய்வதற்குச் சமம். மனசுக்குள் அவருக்கு ஒரு சபாஷ் போட்டேன்.

பிறகு நான் படத்தைப் பார்த்தேன், எல்லாம் மறந்துபோயிற்று.

அணுக்கள் நின்றன. கோலி குண்டுகளை அடுக்கி வைத்த மாதிரி ஒவ்வொன்றும் தனித்தனியாக. இடப்பக்கப் படலம் ஒரு வரிசையில், வலப்பக்கப் படலம் இன்னொரு வரிசையில், நடுவில் எல்லை. மூன்று வாரமாக நெளிந்து நெளிந்து என்னைக் கேலி செய்த எல்லை. அது ஓர் அணு அகலம்கூடச் சறுக்காமல், கத்தியால் வெட்டியதுபோல் இருந்தது. யாரும் அந்தத் துண்டில் இப்படி ஒரு படம் எடுத்திருக்க முடியாது. மற்ற மூவர் நேரத்திலும் லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும். பொத்தானை அழுத்தினேன். ஒன்று, இரண்டு, பத்து, இருபது படம். ஒன்றில்கூட அசைவில்லை. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மாமாவுக்கு என்ன பதில் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். பர்மனென்ட் இப்போது மாமா என்று சொல்லிவிட்டுச் சோற்றை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன்.

எட்டு மணிக்கு மாடிக்கு ஓடினேன். ஸ்கேனிலிருந்து வந்ததும் முதலில் அவரிடம் காட்டவேண்டும், எப்போது வருவார் என்று, அவருடைய உதவியாளர் வந்திருந்தால் கேட்க வேண்டும். உதவியாளர் அம்மா வெளியறையில் நின்றுகொண்டிருந்தார். கைப்பையைத் தோளிலிருந்து கழற்றவில்லை. போன் கையில் இருந்தது.

விடிகாலையில் குளியலறையில் விழுந்திருக்கிறார். பால்காரர் கதவைத் தட்டிப் பார்த்துப் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டிருக்கிறார். மூளைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறதாம், ரொம்ப நாளாகக் கசிந்ததாம், மண்டையைத் திறந்துகொண்டிருக்கிறார்களாம். மகளுக்குச் சொல்லியாயிற்றாம். இனி பேச்சு வருமா, நடை வருமா என்று டாக்டர்கள் சொல்லவில்லை. உதவியாளர் அம்மா இதையெல்லாம் சொல்லிவிட்டு, இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் சின்னத் துளை போட்டு எடுத்திருப்போம் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னார். அவர் அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது.

நான் கீழே வந்தேன். எங்கே போவதென்று தெரியாமல்தான் வந்தேன். படம் திரையில் அப்படியே நின்றிருந்தது, இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, என் நேரத்தில் இன்னும் அரை மணிக்கு மேல் மிச்சமிருந்தது. அணுக்கள் ஒழுங்காக, அழகாக, மரியாதையாக நின்றன. அவர் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார். எனக்கு வேலை வாங்கித் தரப்போகும் படம். மேலே யாரும் நடக்காததால் வந்த படம்.

பக்கத்து நாற்காலியைப் பார்க்காமல் உட்கார்ந்தேன். சென்சார் கோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நேராக ஓடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். லேசாக ஒரு தடவை, கால் தேய்த்த மாதிரியாவது ஒரு தடவை. முழுத் தாளம் வேண்டாம், பாதித் தாளம் போதும்.

“ஆடித் தொலையேன்,” என்றேன் சத்தமாக.

அது ஆடவில்லை.